உலகத்துல ஒண்ணே ஒண்ணுன்னு செய்யுற கோடீஸ்வரங்க காரும், மதுரையில ஒரு டிங்கரிங் பட்டறையும்

பழைய கார் வச்சிருக்கவங்க பல பேரு என் ஹெரால்டு காரை எங்க குடுத்து ரெடி பண்ணீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். பட்டறை மதுரைதான். முன்னாடி வொர்க்‌ஷாப் ரோட்டுப் பக்கம் இருந்துச்சு, இப்ப ஒத்தக்கடை தாண்டி உள்ள தள்ளி ஒரு தகர ஷெட்டு, பக்கத்துல வேப்பமரம், போர்டு எதுவும் கிடையாது. பேரு போடாதீங்க தம்பின்னு மேஸ்திரியே சொல்லிட்டாரு. கையில இருக்க வண்டியவே முடிச்சுக் குடுக்க முடியாம கிடக்கேன், இதுல இன்னும் நாலு பேரு வந்து நின்னா யாருக்குப் பதில் சொல்றதுன்னாரு. அதனால பேரு இல்ல, வேலையப் பத்தி எழுதுறேன்.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு, 1970 மாடல், அப்பா செகண்ட் ஹேண்டா வாங்குனது. ஹெரால்டு தெரியாத சின்னப் பசங்களுக்காக சொல்றேன், சென்னையில ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-ல இருந்து செஞ்ச காரு, 948 சிசி எஞ்சின், இங்கிலாந்துல 1959-ல வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதுக்கு மூலம், ஆனா நாலு கதவு வச்ச ஹெரால்டு இந்தியாவுல மட்டும்தான் வந்துச்சு, இங்கிலாந்துல அப்படி ஒண்ணு செய்யவே இல்ல. பானெட்டும் ரெண்டு பக்க மட்கார்டும் ஒரே துண்டா முன்பக்கமா சாயும், சாச்சுட்டா எஞ்சின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் அம்புட்டும் கண்ணு முன்னாடி கிடக்கும், டயர் மேல உக்காந்துக்கிட்டே வேலை பார்க்கலாம். 25 அடிக்குள்ள சுத்தித் திரும்பிரும், மாசி வீதியில வண்டியத் திருப்பணும்னா இதை அடிச்சுக்க இன்னைக்கு வர்ற எந்தக் காராலயும் முடியாது.

இந்த ரிவ்யூல நடுநடுவுல கோடிக்கணக்குல விலை போற புகாட்டி, ஃபெராரி, ரோல்ஸ் ராய்ஸ் எல்லாம் வரும். சம்பந்தம் இருக்கு. ஹெரால்டை வரைஞ்சவரு ஜியோவானி மிக்கெலோட்டி, இத்தாலிக்காரரு, டூரின் ஊரு. அந்த மனுசன் 1950கள்ல விஞாலேங்கிற பாடி கட்டுற பட்டறைக்காக ஃபெராரி காருங்களுக்கு டிசைன் வரைஞ்சு குடுத்தவரு. அப்ப ஃபெராரி சேசிஸும் (வண்டியோட அடிச்சட்டம்) எஞ்சினும் செஞ்சு குடுக்கும், வாங்குறவரு அதை விஞாலே, டூரிங், பினின்ஃபரினா மாதிரி ஒரு பட்டறையில விட்டு தனக்குப் புடிச்ச மாதிரி பாடி கட்டிக்குவாரு, அலுமினியத் தகட்டை கையால தட்டித் தட்டி வளைச்சது, அதனால ஒரு வண்டி மாதிரி இன்னொண்ணு அப்படியே இருக்காது. இன்னைக்கு பணக்காரங்க உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுன்னு சொல்லி செய்யுற காருக்கெல்லாம் வேர் அங்கதான் இருக்கு. அதே கை வரைஞ்ச கோடுதான் என் வீட்டு வாசல்ல துருப்புடிச்சு நின்னுச்சு.

சரி, வேலைக்கு வர்றேன்.

ஹெரால்டுல ஒரு பெரிய வசதி, பாடி தனி, சேசிஸ் தனி, போல்ட்டக் கழட்டுனா பாடிய துண்டு துண்டா எடுத்துரலாம். அந்தக் காலத்துல ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனிக்கு பாடி செஞ்சு குடுத்துக்கிட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை போட்டிக் கம்பெனி பிஎம்சி வாங்கிருச்சு, முழு பாடியா செஞ்சு தர ஆள் இல்லாமப் போகவும் துண்டு துண்டா செஞ்சு போல்ட்டு போட்டு சேர்க்குற மாதிரி வடிவமைச்சாங்க. இங்கிலாந்துல என்னைக்கோ நடந்த கம்பெனிச் சண்டை இன்னைக்கு மதுரையில நமக்கு உதவுது. மத்த பட்டறையில எல்லாம் பாடிய எறக்காம கீழ மட்டும் பேட்ச் அடிச்சுத் தர்றேன்னாங்க, இவரு மட்டும் "எறக்காம நான் தொட மாட்டேன் தம்பி, உள்ள சேசிஸ் கை எப்படி இருக்குன்னு பார்க்காம மேல பெயிண்ட் அடிச்சா அது பொய் வேலை"ன்னுட்டாரு. எறக்கிப் பார்த்தா சொன்ன மாதிரியே பின்னாடி பாடியத் தாங்குற கை ரெண்டும் விரல வச்சா உதிருது. அதைப் புதுசா வெட்டி வளைச்சு, பழைய போல்ட்டு ஓட்டைக்கு மில்லிமீட்டர் பிசகாம சேர்த்து வெல்டு பண்ணாங்க.

மேஸ்திரி கரூர்ல பஸ் பாடி கட்டுற இடத்துல சின்ன வயசுல தொழில் கத்தவரு. தட்டுறதப் பக்கத்துல இருந்து பார்க்கணும். மட்கார்டுக்கு உள்பக்கம் இரும்புக் கட்டைய இடது கையால அண்டக் குடுத்துக்கிட்டு வெளிய சுத்தியால தட்டுவாரு, ஓங்கி இல்ல, பைய, ஒரே தாளத்துல, ரெண்டு மூணு தட்டுக்கு ஒருக்கா உள்ளங்கையால தடவிப் பார்ப்பாரு, கண்ணு வேற எங்கயோ இருக்கும். கண்ணு ஏமாத்தும் கை ஏமாத்தாதுன்னு சொல்லுவாரு. அவரு தட்டி முடிச்ச மட்கார்டுல பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசுற பேஸ்ட்டு) போட்டதே நகக்கண் அளவு கனம்தான். பழைய கார் வாங்குறவங்க, பட்டறையில குடுக்குறவங்க எல்லாரும் ஒரு சின்ன காந்தத்தை துணியில சுத்தி எடுத்துட்டுப் போங்க, பாடி மேல வச்சுப் பாருங்க, பட்டி கனமா இருக்க எடத்துல காந்தம் ஒட்டாம வழுக்கிக்கிட்டு விழுந்துரும். நான் முடிஞ்ச வண்டியில பாடி முழுக்க வச்சு பார்த்துட்டேன், ஒரு எடத்துல கூட வழுக்கல. அதுக்கே நான் அவருக்கு முழு மார்க்கு குடுத்துருவேன்.

பானெட்டு ஃபிட்டிங்தான் இந்த வண்டியில பெரிய தலவலி. ஹெரால்டு வச்சிருக்கவங்களுக்குத் தெரியும், முன்பக்கம் கீல்ல தொங்குற அம்புட்டு பெரிய துண்டு, ஒரு பக்கம் சேர்ந்தா இன்னொரு பக்கம் கதவுல இடிக்கும். மேஸ்திரி என்ன பண்ணாருன்னா நாலு ஆக்ஸா பிளேடை ஒண்ணா அடுக்கி டேப்பு சுத்தி, அதைக் கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவுல இருக்க இடுக்குல மேல இருந்து கீழ வரைக்கும் இழுத்துக்கிட்டே வருவாரு. எங்க புடிக்குதோ அங்க சாக்பீஸ்ல கோடு. கீல்ல வாஷரு ஒண்ணு சேர்த்து, திரும்ப இழுப்பாரு. பொழுது சாயுற வரைக்கும் இதே வேலை, அடுத்த நாளும் இதே வேலை. பக்கத்துல உதவிக்கு நின்ன பையன் போதும் தாத்தா யாரு பார்க்கப் போறாங்கன்னு சொல்லவும், வண்டிக்காரரு தினம் காலையில பார்ப்பாருடான்னாரு. நெசந்தான், இப்ப தினம் காலையில நான் பார்க்குறது அந்த இடுக்கைத்தான், மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவு.

இப்ப அந்தக் கோடீஸ்வரங்க விஷயம். என் வண்டிக்குப் பக்கத்துல ஒரு 1947 ப்யூக் நின்னுச்சு, காரைக்குடிப் பக்கத்துக்காரரு ஒருத்தரோடது, வெளிநாட்டுல பெரிய தொழில், வீட்டுல பழைய காருங்க வரிசையா நிக்குதாம். நான் போயிருந்த ஒரு சனிக்கிழமை அவரும் வந்திருந்தாரு, பழக எளிமையான மனுசன், டீ சொல்லிட்டு மேஸ்திரி பக்கத்துல கவுத்துப் போட்ட பெயிண்டு டப்பா மேல உக்காந்துட்டாரு. போன்ல ஒரு போட்டோ காட்டுனாரு, ரோல்ஸ் ராய்ஸ் 2023-ல கொண்டாந்த டிராப்டெயில், மொத்தமே நாலு வண்டி, நாலும் நாலு ஆளுக்கு வேற வேறயா செஞ்சது, அதுல முதல் வண்டிக்குப் பேரு லா ரோஸ் நுவார், கறுப்பு ரோஜான்னு அர்த்தம். உள்ள கதவுல இருந்து சீட்டுக்குப் பின்னாடி வரைக்கும் மரத்துலயே ரோஜா இதழ் உதிர்ற மாதிரி வேலைப்பாடு.

மேஸ்திரி போனை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துட்டு, "இது என்னங்க முதலாளி, ஸ்டிக்கரா?"ன்னாரு.

"ஸ்டிக்கர் இல்ல மேஸ்திரி, மரம். 1603 துண்டு. ஒவ்வொண்ணா வெட்டி கையால சேர்த்தது. ஒரே ஆளு ரெண்டு வருஷத்துக்குக் கிட்ட உக்காந்து செஞ்சிருக்காரு."

மேஸ்திரி கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் கேட்டாரு, "அந்த ரெண்டு வருஷமும் அவருக்கு சம்பளம் யாரு குடுத்தா?"

"வண்டி சொன்னவருதான்."

"அப்ப அவரு நல்ல மனுசன்தாங்க."

எனக்கு அந்தப் பதில்தான் இந்த மொத்த விஷயத்துக்கும் அளவுகோல். இம்புட்டு பணம் போட்டு ஒரு காரு எதுக்குன்னு நம்மாளுக கேக்குறது நியாயமான கேள்விதான், ஆனா பணம் எங்க போகுதுன்னு பார்க்கணும். ரெண்டு வகை இருக்கு. ஏற்கனவே இருக்க அபூர்வமான காரை ஏலத்துல எடுக்குறவங்க ஒரு வகை. 2022 மே மாசம் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூப்பே 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்குப் போச்சு, நம்ம ரூபாயில அப்ப ஆயிரத்து நூறு கோடி வாக்குல வரும், 1955-ல மொத்தமே ரெண்டுதான் செஞ்சாங்க, ரூடால்ஃப் ஊலன்ஹாட்ங்கிற இஞ்சினியரு அதுல ஒண்ணத் தன்னோட கம்பெனிக் காரா ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு. அதுக்கு முன்னாடி 2018-ல ஒரு ஃபெராரி 250 ஜிடிஓ 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனதுதான் ஏலத்துல பெரிசு, அது 36 வண்டி செஞ்ச மாடல். மெர்சிடிஸ் அந்தப் பணத்தைப் படிப்பு உதவிக்கு நிதியா வச்சாங்க, விசேஷ நாள்ல ஜனங்க பார்க்க வண்டியக் குடுக்கணும்னு வாங்குனவருகிட்ட ஒப்புதலும் வாங்கிட்டாங்க, அது நல்ல காரியம். ஆனா பொதுவா ஏலத்துல மாறுற வண்டில பணம் ஒரு பணக்காரரு கையில இருந்து இன்னொரு பணக்காரரு கைக்குப் போகுது, அவ்ளோதான், தகரத்தைத் தட்டுறவனுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது வகை, புதுசா ஒண்ணு செய்யச் சொல்றவங்க. எனக்கு இவங்களத்தான் புடிக்கும். 2006-ல ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ்னு ஒரு அமெரிக்கக்காரரு ஓட்டாத புத்தம்புது ஃபெராரி என்ஸோவ வாங்கி, அதை அப்படியே பினின்ஃபரினாகிட்ட குடுத்து, 1967 ஃபெராரி பி4 ரேஸ் காரு சாயல்ல புது பாடி போட்டுத் தாங்கன்னாரு, பி4/5னு பேரு வச்சாங்க. செஞ்சு வாங்கி உள்ள வச்சுப் பூட்டல, ரோட்டுல ஓட்டுனாரு. ஃபெராரியே அப்புறம் தனி ஆளுக்குத் தனி காருன்னு ஸ்பெஷல் ப்ராஜெக்ட்ஸ்னு ஒரு பிரிவு வச்சிருச்சு, கிடார் வாசிக்கிற எரிக் கிளாப்டனுக்கு 2012-ல 458 இட்டாலியா மேல எஸ்பி12 இசின்னு ஒண்ணு செஞ்சு குடுத்தாங்க, அவரு முன்னாடி வச்சிருந்த 512 பிபி மாடலோட சாயல்ல. ரோல்ஸ் ராய்ஸ்ல 2017-ல ஸ்வெப்டெயில்னு ஒத்தை வண்டி, வாங்குனவரு 2013-லயே போய் சொல்லி வச்சாரு, நாலு வருஷம் ஆயிருக்கு. நாலு வருஷம் காத்திருக்கான் ஒரு மனுசன், நினைச்சுப் பாருங்க, நம்ம ஆளுக தீபாவளிக்குள்ள குடுங்க மேஸ்திரின்னு நிக்கிறோம்.

புகாட்டி லா வாச்சூர் நுவார் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், 2019 ஜெனிவா கார் ஷோவுல காட்டுனது, வரி இல்லாமலே 1 கோடியே 10 லட்சம் யூரோ, பின்னாடி ஆறு சைலன்சர் குழாய். அது 1930கள்ல வந்த டைப் 57 எஸ்சி அட்லாண்டிக்குக்கு மரியாதை செஞ்சு வரைஞ்சது, நாலே நாலு அட்லாண்டிக் செஞ்சாங்க, அதுல கறுப்பு வண்டி ஒண்ணு ரெண்டாம் உலகப்போர் நேரத்துல காணாமப் போனது இன்னைக்கு வரைக்கும் கிடைக்கல. அட்லாண்டிக்ல நடு முதுகுல நெடுக்க ஒரு தையல் மாதிரி ரிவெட்டு அடிச்சிருக்கும், முதல்ல செஞ்ச சாம்பிள் வண்டிக்கு மெக்னீசியம் கலந்த தகடு போட்டாங்க, அதை வெல்டு பண்ணா தீப்புடிச்சுக்கும், அதனால வெளிய மடிச்சு ரிவெட்டு அடிச்சாங்க. அப்புறம் அலுமினியத்துக்கு மாறுன பிறகும் ரிவெட்டை எடுக்கல, அழகா இருக்குன்னு வச்சுக்கிட்டாங்க. இதை நான் சொன்னதும் மேஸ்திரிக்கு அம்புட்டு சந்தோஷம், வேலைக்காரன் பட்ட கஷ்டத்தை மறைக்காம வெளிய காட்டியிருக்கான் பாருங்கன்னு ப்யூக்காரரு தொடையத் தட்டி சொன்னாரு.

இதுல இன்னொரு சம்பவம். ஒரு வசதியான வீட்டுப் பையன், பழைய செடான் ஒண்ண வச்சுக்கிட்டு, போன்ல இந்தப் புகாட்டி போட்டோவைக் காட்டி இதே மாதிரி ஃபைபர்ல பாடி போட்டுக் குடுங்க, எவ்ளோ ஆனாலும் பரவால்லன்னு வந்தான். நல்ல காசு, மேஸ்திரிக்கு அந்த மாசம் கை கடிச்சுக்கிட்டிருந்த நேரம், ஆனா முடியாதுன்னுட்டாரு. "ஆர்சியில ஒண்ணு இருக்கும், ரோட்டுல ஒண்ணு நிக்கும், நாளைக்கு போலீஸ் புடிச்சா உனக்கும் தொந்தரவு எனக்கும் தொந்தரவுப்பா"ன்னு தன்மையா சொல்லி அனுப்பிட்டாரு. அது சரியான பேச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இதைத்தான் சொல்லுது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனி குடுத்த அமைப்புக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு தெளிவா சொல்லிருச்சு. ஃபெராரி ஸ்பெஷல் ப்ராஜெக்ட்ஸ் (எஸ்பி) வண்டில கூட அடியில இருக்க கட்டமைப்பு, எஞ்சின் எல்லாம் மூல வண்டியோடதுதான், அதை வச்சுத்தான் ரோட்டுல ஓட அனுமதி வாங்க முடியுது, மேல தோலத்தான் மாத்துறாங்க, அதையும் கம்பெனியே நின்னு செய்யுது. நம்ம ஊர்ல ஃபைபர் ஒட்டி புகாட்டின்னு சொல்றதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த மாதிரி வேலைய எடுக்குற பட்டறைகிட்ட உங்க நல்ல வண்டிய விடாதீங்க, இது என் அழுத்தமான கருத்து.

ஆனா ஒரிஜினலைக் கெடுக்காம நமக்குன்னு ஏதாவது செஞ்சுக்க எடம் இருக்கு. என் வண்டியில டேஷ்போர்டு மரம் ஊறிப்போய் பிளந்திருந்துச்சு. ப்யூக்காரருதான் வழி சொன்னாரு, காரைக்குடியில முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய செட்டிநாட்டு வீட்டுச் சாமான் விக்கிற கடைங்க இருக்கே, அங்க போய் பர்மா தேக்குல ஒரு பழைய கதவுப் பலகை பாருங்கன்னாரு. போய் எடுத்தேன், வாங்கும்போது கறுத்துப் போய் கிடந்துச்சு, இழைச்சா தேன் நெறத்துல ரேகை வருது. மேஸ்திரிக்குத் தெரிஞ்ச ஆசாரி ஒருத்தரு பழைய டேஷ்போர்டை அச்சா வச்சு அப்படியே வெட்டிக் குடுத்தாரு, மீட்டர் ஓட்டை, சுவிட்ச் ஓட்டை எல்லாம் அதே எடத்துல. பலகையில பழைய கீல் இருந்த தடம் ஒண்ணு மங்கலா தெரியும், அதை அடைக்கவான்னு ஆசாரி கேட்டாரு, வேணாம் இருக்கட்டும்னுட்டேன், க்ளவ் பாக்ஸ் மூடியில வந்து உக்காந்துருக்கு. உலகத்துல இன்னொரு ஹெரால்டுல இது இருக்காது. இதுக்கு ஆன செலவு பலகை, ஆசாரி கூலி, பாலிஷ் எல்லாம் சேர்த்து இன்னைக்கு ஒரு நல்ல போன் வாங்குற காசுக்குள்ளதான்.

கலரும் அப்படித்தான். வண்டிக்கு வெளிய யாரோ எப்பவோ மெரூன் அடிச்சிருந்தாங்க. டேஷ்போர்டைக் கழட்டுனப்ப உள்ள மறைவா இருந்த தகட்டுல கம்பெனி அடிச்ச இளநீலம் கெடாம இருந்துச்சு. அந்தத் தகட்டையே கடைக்கு எடுத்துட்டுப் போய் கம்ப்யூட்டர்ல மேட்ச் பண்ணாங்க, மேஸ்திரிக்கு அது பத்தல, வெயில்ல வச்சுப் பார்த்து ஒரு சொட்டு கறுப்பு சேர்க்கச் சொன்னாரு. பாலியூரித்தேன்னு சொல்ற பியு பெயிண்ட்தான் அடிச்சது, பழைய காலத்து நைட்ரோசெல்லுலோஸ் (என்சி) பெயிண்டு மாதிரி பளபளப்பு கம்மியா வேணும்னு கேட்டதுக்கு கடைசியா தேய்ச்சு மெருகேத்துற ரப்பிங்கைக் கொஞ்சம் அடக்கி வாசிச்சு அந்தத் தோற்றத்தைக் கொண்டாந்துட்டாரு.

குறையும் இருக்கு, மறைக்காம சொல்லிடுறேன். டைமுக்கு வேலை நடக்காது. பொங்கல்னு சொன்னது சித்திரைத் திருவிழா முடிஞ்சு அழகர் மலைக்குத் திரும்புன பிறகுதான் வந்துச்சு. மழை பெஞ்சா பெயிண்ட் வேலை நிக்கும், கூட வேலை பார்க்குற பையன் லீவு போட்டாலும் நிக்கும். போன் எடுக்க மாட்டாரு, நேர்ல போய் நிக்கணும். பில்லு கிடையாது, ஒரு நோட்டுல எழுதி வச்சிருப்பாரு, என்ன சாமான் வாங்குனாங்க, யாருக்கு எத்தனை நாள் கூலின்னு, கேட்டா காட்டுவாரு, கணக்குல ஒரு ரூபா பொய் இல்ல, ஆனா இன்சூரன்ஸ்காரங்ககிட்ட மதிப்பு போடும்போது பில்லு இல்லாதது எனக்குப் பெரிய சிக்கலாயிருச்சு, சாமான் வாங்குற ரசீதை எல்லாம் நீங்களே உங்க பேருல வாங்கி வச்சுக்கங்க. குரோம் பிளேட்டிங் வெளிய குடுத்து வாங்குறது, பம்பர் முதல் தடவை வந்தப்ப ஓரத்துல கொப்புளம், திருப்பி அனுப்பி வாங்க வேண்டியதாயிருச்சு. வயரிங் இவரு செய்ய மாட்டாரு, ஆள் சொல்லுவாரு, நீங்கதான் கூட்டிட்டு வரணும். எஞ்சின் வேலையும் தனி. தகரம், பெயிண்ட், சீட்டு ரெக்சின் எல்லாம் சேர்த்து எனக்கு மூணே கால் லட்சம் ஆச்சு, முதல்ல சொன்னது ரெண்டே கால், ஆனா சேசிஸ் கை போனது எறக்கின பிறகுதான தெரிஞ்சது, அதை அப்பவே கூப்பிட்டுக் காட்டிட்டுத்தான் மேல கை வச்சாரு.

பேப்பர் விஷயம் ஒண்ணு, பழைய வண்டிக்காரங்க நிறைய பேரு குழம்புறாங்க. 2021 ஜூலையில மத்திய அரசு வின்டேஜ் வண்டிக்குத் தனி விதி கொண்டாந்தாங்க, 50 வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் பெருசா மாத்தாம இருந்தா நம்பருல விஏன்னு எழுத்து வர்ற தனி பதிவு வாங்கலாம், புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, 10 வருஷம் செல்லும். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பதிவு வாங்குன வண்டிய தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போக, அவ்ளோதான். நான் அதுக்குப் போகல, பழைய ஆர்சியவே ரினிவல் பண்ணி வச்சிருக்கேன், அப்பா நம்பர் அப்படியே இருக்கு, ஞாயித்துக்கிழமை அழகர்கோவில் ரோட்டுல குடும்பத்தோட போறேன், அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். பிங்க் ஃப்ளாயிட் இசைக்குழு டிரம்மர் நிக் மேசன் அத்தனை கோடி மதிப்புள்ள 250 ஜிடிஓவையே ரேஸ்ல ஓட்டியிருக்காரு, நம்ம ஹெரால்டை எதுக்கு உறை போட்டு மூடி வைக்கணும்.

மனசுல உறுத்துற விஷயம் ஒண்ணு சொல்லணும். தென்மாவட்டத்துல காசு இல்லாம இல்ல. முழுசா செஞ்சு வெளிநாட்டுல இருந்து இறக்குற விலை கூடுன காருக்கு வருஷக்கணக்கா வரியே கார் விலை அளவுக்கு இருந்துச்சு, அதையும் கட்டி வாங்கி நிறுத்தியிருக்கவங்க நம்ம பக்கத்துலயே இருக்காங்க. தப்பில்ல, அவங்க காசு. அந்தக் காலத்துல ராஜாக்கள் பல பேரு வெளிநாட்டுல செஞ்சு வாங்குனாங்க, 1934-ல ராஜ்கோட் ராஜா காவி நெறத்துல லண்டன் பட்டறையில பாடி கட்டி வாங்குன ஸ்டார் ஆஃப் இந்தியாங்கிற ரோல்ஸ் ராய்ஸ் இன்னைக்கும் பேசப்படுது. ஆனா அந்தக் கை இங்கயும் இருக்கு. டிவிஎஸ் 1911-ல தொடங்குன ஊரு இது, நூறு வருஷத்துக்கு மேல வண்டி வேலை பார்த்துப் பழகுன கைங்க இங்க இருக்கு. ஆனா மேஸ்திரியோட ரெண்டு பசங்களும் ஷோரூம்ல சேல்ஸுக்குப் போயிட்டாங்க, கூட இருக்கிறது அந்தப் பேரன் வயசுப் பையன் ஒருத்தன், அவனும் ஐடிஐ முடிச்சா போயிருவேன்னு சொல்றான். இந்த ப்யூக்காரரு மாதிரி இன்னும் ஒரு பத்து பேரு, அவசரப்படாம, கூலிய கொறைக்காம வேலை குடுத்தா, இந்தப் பையன் இங்கயே இருப்பான். இங்கிலாந்துல அந்த 1603 துண்டு மரத்தை வெட்டுனவருக்கு ரெண்டு வருஷம் சோறு போட ஒரு வாங்குறவரு இருந்த மாதிரி இவனுக்கும் ஒருத்தரு வேணும், திறமையில ஒண்ணும் கொறைச்சல் இல்ல, நான் பார்த்தேன், கதவு ஓரத்துல அவன் தட்டுன மடிப்பும் மேஸ்திரி தட்டுனதும் எனக்கு வித்தியாசம் தெரியல.

யாருக்கு இந்தப் பட்டறை சரிப்படும்னா, வண்டிய விட்டுட்டு மாசக்கணக்குல பொறுமையா இருக்க முடியுறவங்க, வாரம் ஒருக்காவாவது நேர்ல போய் நிக்க முடியுறவங்க, பழைய ஸ்டாண்டர்டு, அம்பாசிடர், ஃபியட், மோரிஸ் மாதிரி தகரம் கனமா இருக்க வண்டி வச்சிருக்கவங்க. புது வண்டி பம்பர் ஒடைஞ்சு இன்சூரன்ஸ் கிளைம்ல செய்யணும்னா இங்க போகாதீங்க, அது அவரு வேலை இல்ல. போறதுன்னா காலையில பத்து மணிக்கு மேல போங்க, அட்வான்ஸ் மொத்தமா குடுக்காதீங்க, வாரக் கூலியா குடுத்துக்கிட்டே வந்தா அவருக்கும் வசதி, வேலையும் நகரும். பாடிய எறக்குற அன்னைக்கு கட்டாயம் கூட இருங்க, துரு எங்க இருக்குன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்து போட்டோ எடுத்து வச்சுக்கங்க. எடம் தெரியணும்னா எனக்குத் தனியா சொல்லுங்க, மேஸ்திரிகிட்ட கேட்டுட்டு நானே கூட்டிட்டுப் போறேன்.

அப்புறம் ஹெரால்டு மார்க் 3 பின்கதவு கண்ணாடிக்கு வர்ற ரப்பர் பீடிங் இன்னும் கிடைக்கல, இப்ப வேற வண்டியோடத வெட்டி ஒட்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன், மழை பெஞ்சா இடது பக்கம் ஒழுகுது. யாருகிட்டயாவது ஒரு ஜோடி பழசு கிடந்தா சொல்லுங்க, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை எந்தப் பக்கம்னாலும் ஹெரால்டுலயே வந்து வாங்கிக்கிறேன்.